பெட்டியோடு பழைய கேம் மெஷின்: திருகோணமலையில் சேகரிக்கத் தொடங்குபவருக்கு

பழைய கேம் மெஷின் கிடைப்பது பெரிய காரியமில்லை. உவர்மலையிலோ பாலையூற்றிலோ தெரிந்த வீடுகளில் விசாரித்தால் யாரோ ஒருவரின் அலுமாரி மேலே ஒன்று தூசி பிடித்துக் கிடக்கும். அது வந்த மட்டைப்பெட்டிதான் கிடைக்காது. பிள்ளைகள் திறந்த அன்றைக்கே அது குசினிப் பக்கம் போயிருக்கும். பத்திரப்படுத்திய வீடுகளிலும் உப்புக்காற்றும் மாரி ஈரமும் கறையானும் விட்டுவைத்திருக்காது. இடம்பெயர்ந்த காலத்தில் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனவர்கூட வெறும் பெட்டியைத் தூக்கியிருக்கமாட்டார். 2004 டிசெம்பர் 26 சுனாமிக்கு முன்னைய மட்டைப்பெட்டி ஒன்றைக் கடலோர வீடுகளில் எதிர்பார்க்கவே வேண்டாம். ஆகவே இந்தப் பொழுதுபோக்கில் உங்கள் மினக்கேட்டில் முக்கால்வாசி மட்டைக்காகத்தான் போகப்போகிறது. அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

எதில் தொடங்குவது

இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் அமெரிக்கக்காரரின் பட்டியல். 1977இல் வந்த அட்டாரி 2600, 1985இல் அங்கே இறங்கிய நின்டெண்டோவின் சாம்பல் நிற என்இஎஸ் என்று தொடங்குவார்கள். அவற்றைத் தேடித் திருகோணமலையில் அலைவது வீண். நம் வீடுகளுக்கு வந்தது ரீவி கேம். நின்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் 1983 ஜூலை 15ஆம் திகதி 14,800 யென்னுக்கு விற்பனைக்கு விட்ட ஃபமிகொம் மெஷினைத் தாய்வானிலும் பிறகு சீனாவிலும் பார்த்துச் செய்த நகல்கள் அவை. சவூதி, கட்டார், டுபாய் என்று வேலைக்குப் போனவர்கள் லீவில் வரும்போது கொண்டுவந்ததும், கொழும்பில் புறக்கோட்டையில் வாங்கி பஸ்ஸில் ஏற்றிவந்ததும் இவைதான். மைக்ரோ ஜீனியஸ் என்ற தாய்வான் பெயர் போட்டவை நல்ல தரம். பெயரே இல்லாதவையும் ஏராளம்.

புதியவர் முதலில் எடுக்கவேண்டியது இந்த நகல் ரீவி கேமைத்தான் என்பது என் கருத்து. அசலை மட்டும் மதிக்கும் சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். விலை குறைவு, கெட்டாலும் நெஞ்சு வெடிக்காது. இன்னொரு வசதியும் உண்டு: அசல் ஃபமிகொம் பெட்டிக்கு இன்று போலிப் பெட்டி அச்சடித்து விற்கிறார்கள், ஆனால் நகல் மெஷினின் பெட்டியைப் போலியாக அச்சடிக்க யாரும் மினக்கெடமாட்டார்கள். கையில் கிடைத்தால் அது அந்தக் காலத்துப் பெட்டிதான். அந்த மட்டையின் படங்களே தனி ரகம். உள்ளே இருக்கும் கேமுக்கும் வெளியே இருக்கும் வீரனுக்கும் ஒரு சம்பந்தமும் இராது. ‘9999999 இன் 1’ என்று போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் ஐந்தாறு கேம்தான் தொடக்க லெவல் மாற்றி மாற்றித் திரும்ப வரும்.

நகலிலும் தராதரம் உண்டு. அடியில் இருக்கும் திருகாணிகளைக் கழற்றிப் பாருங்கள். முந்தியவற்றில் பச்சைப் பலகையில் சிப்கள் தனித்தனியாக இருக்கும். யுஎம்சி என்ற தாய்வான் நிறுவனத்தின் பெயரோடு யுஏ6527, யுஏ6538 போன்ற இலக்கங்கள் தெரியும். பிந்தியவற்றில் எல்லாமே ஒரு கறுப்புப் பிசின் பொட்டுக்குள் அடங்கிவிடும். முந்தியது கிடைத்தால் விடாதீர்கள். பிந்தியதிலும் ஒன்று இருக்கட்டும் என்றால் பொலிஸ்டேசன் தேடுங்கள். வெளியே பார்த்தால் அப்படியே பிளேஸ்டேசன். மூடியைத் திறந்தால் சீடி வைக்கும் இடத்தில் கேம் கசெட் செருகும் துவாரம் இருக்கும்.

இரண்டாவதாக, கையில் வைத்து விளையாடும் கேம்போய். 1989இல் வந்த சாம்பல் நிற முதல் கேம்போய்க்கு நாலு பென்டோர்ச் பற்றரி, 1998இல் வந்த கலர் கேம்போய்க்கு இரண்டு. வோல்டேஜ் கவலையே இல்லை. பெட்டியும் சின்னது, ஓர் இறாக்கையில் பல வைக்கலாம்.

மூன்றாவதாக பிளேஸ்டேசன் 1, பிளேஸ்டேசன் 2. பிளேஸ்டேசன் 2 2000 மார்ச்சில் ஜப்பானில் வந்து 2012-13 வரை உற்பத்தியில் இருந்தது. உலகத்தில் 15 கோடிக்கு மேல் விற்ற மெஷின். அதனால் இன்றைக்கும் நல்ல நிலையில் பெட்டி அகப்படுகிறது. அசல் ஃபமிகொம், அதற்கு அடுத்து வந்த சூப்பர் ஃபமிகொம், சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் எல்லாம் ஜப்பானிலிருந்து எடுக்கவேண்டியவை. அவற்றைக் கடைசிக்கு விடுங்கள்.

எங்கே தேடுவது

ஐக்மன் போன்ற விற்பனைத் தளங்களையும் பேஸ்புக் சந்தையையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே வருபவை பெரும்பாலும் கொழும்பு, கம்பஹா, கண்டிப் பக்கம். பெட்டியோடு இருப்பதாகப் போட்டிருந்தால் ஆறு பக்கமும் படம் கேளுங்கள். அடிப்பக்கத்தை ஒருவரும் தாமாகக் காட்டுவதில்லை.

ஊருக்குள் தேடுவதற்கு முதல் இடம் பழைய ரீவி, ரேடியோ திருத்தும் கடைகள். திருத்தக் கொடுத்துவிட்டு எடுக்க வராதவர்களின் சாமான் பின்னறையில் குவிந்திருக்கும். மெஷினைப் பெட்டியில் போட்டுத்தான் கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள் என்பதால் இங்கே பெட்டி கிடைக்க வாய்ப்பு அதிகம். கடைக்காரருக்கு அவசரம் கொடுக்காதீர்கள். ஒரு ரிமோட்டோ வயரோ வாங்கிக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள். அடுத்தமுறை போகும்போது அவரே தேடி எடுத்து வைத்திருப்பார்.

அடுத்தது கிண்ணியா, மூதூர் பக்கம். மத்திய கிழக்குக்குப் போய்வந்தவர்கள் இருக்கும் வீடுகள். ஆள் தெரியாமல் போய்க் கதவைத் தட்டக்கூடாது. தெரிந்த ஒரு நானாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் எடுக்க வீதியில் வருபவரிடமும் உங்கள் நம்பரைக் கொடுத்து வையுங்கள். அவர் மட்டையை நிறுத்து விற்பவர், அதனால் சொல்லவேண்டியதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: பெட்டியை மடித்துத் தட்டையாக்க வேண்டாம்.

வீடுகளில் கேட்கும் முறையில்தான் விசயம் இருக்கிறது. “பழைய ரீவி கேம் இருக்கா?” என்றால் இல்லை என்பார்கள். பெட்டியைக் கேட்டால் கதை மாறும்.

“அன்ரி, முந்தி தம்பியாக்கள் விளையாடின ரீவி கேம் வந்த பெட்டி கிடக்கா?”

“அந்தப் பெட்டியோ? அதுக்குள்ளதான் என்ட தையல் சாமான் எல்லாம் கிடக்கு. அதை என்னத்துக்கு?”

பழைய பெட்டிகளில் பாதி இப்படித்தான் தப்பியிருக்கின்றன. தையல் சாமான், கல்யாண அல்பம், காணி உறுதி, பிள்ளைகளின் றிப்போட் என்று ஏதோ ஒன்று உள்ளே இருந்ததால்தான் எறியவில்லை. ஆகவே போகும்போது மூடி இறுகும் நல்ல பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். காசு கொடுப்பதாகச் சொன்னால் சங்கடப்படும் அன்ரி, மாற்றுப் பெட்டியைக் கண்டால் உடனே சாமானைக் கொட்டி மாற்றித் தருவார். காசும் கொடுக்கத்தான் வேண்டும், அது பிறகு. இன்னொன்று: உள்ளே கடதாசி ஏதும் இருந்தால் நீங்கள் தொடாதீர்கள், அவர்களே எடுக்கட்டும். சிலசமயம் அந்தக் குவியலின் அடியில் கேமின் பாவனைக் கைநூல் கிடக்கும்.

பெட்டியைக் கையில் எடுத்தால்

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வைத்து இந்த ஒழுங்கில் பாருங்கள்.

முதலில் மணம். பூஞ்சணம் பிடித்த மட்டை மூக்குக்கு முதல் தெரியும், கண்ணுக்குப் பிறகுதான். மணம் கடுமையாக இருந்தால் அந்தப் பெட்டியை மற்றவற்றோடு ஒரே அறையில் வைக்கவே கூடாது. பிறகு மூலைகள், மூடியைச் செருகும் நாக்கு, அடிப்பக்கம். நாக்கு கிழிந்திருந்தால் பரவாயில்லை, அது எல்லாப் பெட்டியிலும் கிழியும் இடம். அடிப்பக்கத்தில் அலை அலையாகக் கறை இருந்தால் தண்ணீர் பட்டிருக்கிறது. மட்டையின் படைகள் பிரிந்திருக்கும். மண்துகள் ஒட்டிய சின்னச் சின்ன வாய்க்கால்கள் தெரிந்தால் கறையான். வீட்டுக்குள் கொண்டுவரமுன் யோசியுங்கள்.

அடுத்தது உள்ளே இருக்கும் ரிஜிபோம். மெஷின், கொன்ரோலர், அடப்டர், வயர் ஒவ்வொன்றுக்கும் அதில் குழி இருக்கும். வெறும் குழி எத்தனை என்று எண்ணினால் என்ன குறைகிறது என்பது தெரிந்துவிடும். ரிஜிபோம் இல்லாத பெட்டிக்குப் பாதி விலைக்கு மேல் நான் கொடுப்பதில்லை. பெட்டியின் வடிவத்தைக் காப்பாற்றுவது அதுதான். பிறகு தனியாகத் தேடிப் பிடிக்கவும் முடியாது.

ஆனால் குறைகிறது என்று நினைப்பதெல்லாம் குறை அல்ல. ஜப்பானில் சூப்பர் ஃபமிகொம் 1990இல் வந்தபோது பெட்டிக்குள் அடப்டர் வைக்கவில்லை. பழைய ஃபமிகொமின் அடப்டரே அதற்கும் பொருந்தும் என்பதால் தனியாக விற்றார்கள். 1993இல் வந்த ஏவி ஃபமிகொமும் (ரீவியின் ஏவி துவாரத்தில் தொடுக்கும் மாதிரி) அப்படித்தான். ரீவி கேம் செட்டில் திரையைச் சுட்டு விளையாடும் துவக்கு இல்லாவிட்டாலும் ஏன் என்று துருவிக் கேட்காதீர்கள். சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி இருந்த காலத்தில், துவக்கு வடிவத்தில் ஒரு சாமானை வீட்டில் வைத்திருக்க எந்தத் தாய்க்கு மனம் வந்திருக்கும்?

பிளேஸ்டேசன் 1, 2 என்றால் பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தொடரிலக்கம் இருக்கும். மெஷினின் அடியில் உள்ள இலக்கத்தோடு ஒத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றானால் அந்த மெஷின் அந்தப் பெட்டியிலேயே பிறந்தது. விலையும் அதற்கேற்ப ஏறும். ஒத்துவராவிட்டால் வேண்டாமென்றில்லை, விலையைக் குறைத்துப் பேசலாம்.

அசல் நின்டெண்டோ பெட்டி என்று யாராவது பெரிய விலை சொன்னால் நகைக்கடைக்காரர் பாவிக்கும் சின்ன லென்ஸ் ஒன்றைக் கொண்டுபோங்கள். அச்சகத்தில் அடித்த பெட்டியில் நிறங்கள் ஒழுங்கான சின்னப் புள்ளி வட்டங்களாகத் தெரியும். இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்ததென்றால் புள்ளிகள் தெறித்த மாதிரிக் கண்டபடி கிடக்கும். மடிப்பு ஓரங்களையும் பாருங்கள். நாற்பது வருசத்து மட்டையின் மடிப்பில் நிறம் உதிர்ந்து உள்நார் தெரியும். நேற்று மடித்ததில் வெள்ளையாக ஒரு கோடுதான் இருக்கும்.

இப்போது எனக்குப் பிடித்த இடம். மத்திய கிழக்கிலிருந்து வந்த பெட்டிகளில் மார்க்கர் பேனையால் எழுத்து இருக்கும். கொண்டுவந்தவரின் பெயர், கிராமம், திருகோணமலை, ஸ்ரீலங்கா என்று பெரிய ஆங்கில எழுத்தில், விமானத்தில் தவறாமல் வந்துசேர எழுதியது. அதன் மேல் கயிறு வரிந்த தடம், ஒரு மூலையில் அரபு எழுத்தில் கடையின் விலைச் சீட்டு. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் எழுத்துப் பட்ட பெட்டிக்கு விலை குறைப்பார்கள், சிலர் அழிக்கவும் வழி சொல்வார்கள். நான் அழிக்கவேண்டாம் என்பேன். ஒரே மாதிரி ஆயிரம் பெட்டி தொழிற்சாலையில் வந்திருக்கும். அந்த எழுத்துள்ளது ஒன்றுதான். ஆனால் படமெடுத்து வெளியே போடும்போது பெயரையும் விலாசத்தையும் மறைத்துவிடுங்கள்.

பிளக்கில் செருகமுன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். புதிதாக வருபவர்கள் மெஷினைக் கொல்வது இங்கேதான்.

நம் மின்சாரம் 230 வோல்ட். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. பிளேஸ்டேசன் 1இலும் தடித்த பிளேஸ்டேசன் 2இலும் மின்பகுதி மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. எட்டு வடிவத் துவாரமுள்ள வயர்தான் இரண்டுக்கும். அதே வயர் நம் வீட்டு ரேடியோவிலும் இருக்கும். ஜப்பானிய மெஷினிலும் அது சரியாகப் பொருந்தும். பொருந்துகிறதே என்று செருகி 230 வோல்ட்டில் போட்டால் ஒரு சத்தம், ஒரு மணம், அவ்வளவுதான்.

ஆகவே அடியிலுள்ள மாதிரி இலக்கத்தைப் படியுங்கள். பிளேஸ்டேசன் 1இல் எஸ்சிபிஎச் என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் இலக்கத்தின் கடைசி எண் 0 என்றால் ஜப்பான், 1 என்றால் அமெரிக்கா, 2 என்றால் ஐரோப்பா, 3 என்றால் ஆசியா. உதாரணமாக 7500 ஜப்பானியது, 7502 ஐரோப்பியது. பிளேஸ்டேசன் 2இல் எண்கள் கொஞ்சம் மாறும்: 50000 ஜப்பான், 50001 அமெரிக்கா, 50003 பிரித்தானியா, 50004 ஐரோப்பா, 50006 ஹொங்கொங், சிங்கப்பூர். பிரித்தானிய, ஐரோப்பிய மெஷின்கள் நம் மின்சாரத்துக்கு ஒத்துப்போகும். எப்படியிருந்தாலும் லேபலில் எழுதியிருக்கும் வோல்ட் அளவுதான் கடைசித் தீர்ப்பு. 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால் 230இலிருந்து 100க்கு இறக்கும் ட்ரான்ஸ்போமர் வாங்காமல் தொடாதீர்கள். கடையில் 110 தருவதை நீட்டுவார்கள். 100 தருவதையே கேட்டு வாங்குங்கள்.

வெளி அடப்டர் உள்ளவற்றில் சிக்கல் வேறு. ஃபமிகொமுக்கு 10 வோல்ட் டீசீ, 850 மில்லி அம்பியர், நடு முனை மறை (−). நம் கடைகளில் கிடைக்கும் பொது அடப்டர்களில் அநேகமானவை நடு முனை நேர் (+). மாறிப் போட்டால் மெஷின் போய்விடும். அமெரிக்க என்இஎஸ்ஸின் அடப்டர் இன்னும் மோசம்: அது தருவது டீசீ அல்ல, திசை மாறி மாறி ஓடும் ஏசீ மின்சாரம், அதை ஃபமிகொமில் செருகவே கூடாது. நகல் ரீவி கேம்களில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. மெஷினில் துவாரத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்னப் படத்தைப் பார்க்கவேண்டும், அல்லது திருத்துபவரிடம் மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லவேண்டும். கரண்ட் போய் வரும் நேரத்தில் எதையும் செருகி வைத்திருக்கவேண்டாம்.

ரீவி

நம் பழைய ரீவிகள் ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறை. ஜப்பானிய, அமெரிக்க மெஷின்கள் ‘என்டிஎஸ்சி’ (NTSC) என்ற வேறு முறை. பழைய ரீவியில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியலாம் அல்லது உருளலாம். மெஷின் பழுதென்று முடிவுகட்டவேண்டாம். 1983 ஃபமிகொமில் அன்ரனா வயர் வழி மட்டும்தான், அதுவும் ஜப்பானிய சனல் 1, 2 அலைவரிசையில். நம் ரீவியில் தேடிப் பிடிப்பது தலையிடி. ஏவி வெளியீடு உள்ள நகலோ 1993இல் வந்த ஏவி ஃபமிகொமோ நிம்மதி.

யாராவது தடித்த ரியூப் ரீவியை எறியப்போனால் ஒன்றை வாங்கி வையுங்கள். துவக்கு வைத்துச் சுடும் வாத்துக் கேம் புதிய தட்டை ரீவியில் வேலைசெய்யாது. ரியூப் திரையில் ஒளிக்கோடு ஓடும் விதத்தை நம்பித்தான் அந்தத் துவக்கு குறியை அறிகிறது.

துப்புரவு

குறைவாகச் செய்யுங்கள். பெட்டியை உலர்ந்த மென்மையான பிரஷால் தட்டினால் போதும். ஈரத்துணி வேண்டாம். விலைச் சீட்டின் பசையை எடுக்க மண்ணெண்ணெய் போடச் சொல்பவர்கள் உண்டு. மட்டையில் எண்ணெய்க் கறை நிரந்தரமாக நின்றுவிடும். பழைய டேப்பை இழுத்துப் பிய்க்காதீர்கள், அச்சும் சேர்ந்து வரும்; தலைமயிர் காயவைக்கும் மெஷினைத் தூரப் பிடித்து மெல்லச் சூடாக்கினால் சிலவேளை கழரும், கழராவிட்டால் அப்படியே விடுங்கள்.

கசெட்டின் செப்புப் பற்களைப் பாமசியில் வாங்கும் ஐசோபுரோபைல் அற்ககோலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். வாயால் ஊதுவது எல்லாருக்கும் பழக்கம். எச்சில் ஈரம் பட்டுப் பற்கள் பச்சையாகும். கேம்போய்க்குள் பற்றரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் வினாகிரி கொஞ்சம், பிறகு அற்ககோல்.

மஞ்சளான பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெரொக்சைட் பூசி வெயிலில் வைத்து வெளுக்கவைக்கும் முறை இணையம் முழுக்க இருக்கிறது. அந்தப் பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த புரோமின் சேர்வைகளும் வெளிச்சமும் சேர்ந்துதான் மஞ்சளாக்குகின்றன. வெளுத்தாலும் திரும்ப மஞ்சளாகும். நம் ஆடி வெயிலுக்குப் பிளாஸ்டிக் வளையவும் கூடும். பெட்டியோடு இருந்த மெஷின் வெளிச்சம் படாமல் இருந்ததால் பெரும்பாலும் நல்ல நிறத்தில்தான் இருக்கும், விட்டுவிடுங்கள்.

வைக்கும் இடம்

மூன்று பக்கம் கடல் உள்ள ஊரில் மட்டையைக் காப்பாற்றுவதுதான் உண்மையான வேலை. ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரைக்கும் சுவரே வியர்க்கும். காற்றின் ஈரப்பதன் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். ஈரப்பதன் காட்டும் சின்ன மீற்றர் மலிவாகக் கிடைக்கிறது. முதல் மெஷினுக்கு அடுத்து வாங்கவேண்டிய சாமான் அதுதான்.

வெளிச்சுவரோடு ஒட்டாமல் அலுமாரியைக் கையளவு தள்ளி வையுங்கள். தரையில் ஒன்றும் இருக்கக்கூடாது. ஒன்றின் மேல் ஒன்று அடுக்குவதென்றால் கனமானது அடியில், அதுவும் இரண்டுக்கு மேல் வேண்டாம். ஈரம் குடித்த மட்டை பாரம் தாங்காமல் சப்பளிந்துவிடும். பொலித்தீனில் காற்றுப்புகாமல் கட்டிவைப்பது தவறு. உள்ளே இருந்த ஈரம் அங்கேயே நின்று பூஞ்சணமாகும். மேலே ஒரு துணி போர்த்தினால் போதும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சப்பாத்துக் கடைகளில் கேட்டாலே தருவார்கள். மாரிக்கு முன் போடுங்கள், நிறம் மாறும் ரகமென்றால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பாவிக்கலாம். இரவில் மட்டும் ஏசி போடும் அறையும் நல்லதல்ல. நிறுத்தியதும் வரும் சூடான ஈரக்காற்று குளிர்ந்த மட்டையில் படிந்துவிடும்.

பூச்சி உருண்டை போடவே வேண்டாம். அலுமாரியென்றால் அம்மாமார் முதலில் அதைத்தான் போடுவார்கள். அந்த ஆவி ரிஜிபோமைக் கரைக்கும், பிளாஸ்டிக்கையும் இளக்கும்.

அதே மாதிரி ஒரு கள்ளன் பெட்டிக்குள்ளேயே இருக்கிறான்: வயர். வயரின் உறையை வளைய வைக்கும் எண்ணெய்ச் சேர்வை வருசக்கணக்கில் மெல்ல வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் ரிஜிபோமையும் கொன்ரோலரையும் உருக்கும். பழைய பெட்டியைத் திறந்தால் வயர் ரிஜிபோமில் ஒட்டிப்போய், இழுத்தால் வெள்ளைக் குருணிகளோடு வரும். கொன்ரோலர் மேல் வயரைச் சுற்றி வைத்திருந்தால் அதில் சூட்டுக்கோல் இழுத்தது போலத் தடம் இருக்கும். ஆகவே ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக வெள்ளைக் கடதாசியில் சுற்றி வையுங்கள். இறப்பர் பட்டி போடாதீர்கள், அதுவும் உருகி ஒட்டும்; பருத்தி நூல் போதும். பற்றரியை எப்போதும் கழற்றி வையுங்கள்.

வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் அடிக்கும் நாட்களில் காற்று உலர்ந்திருக்கும். பட்டுச்சேலையை வருசத்துக்கு ஒருக்கால் எடுத்து உதறி வைப்பது போல அந்த நாட்களில் எல்லாப் பெட்டியையும் திறந்து நிழலில் ஒரு பகல் காற்றாட விடுங்கள். வெயிலில் அல்ல, மட்டையின் சிவப்பு நிறம்தான் முதலில் வெளிறும். அன்றைக்கே மெஷின்களையும் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஓடாமல் கிடந்தால் உள்ளே இருக்கும் கொன்டென்சர்கள் கெடாமல் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து எடுப்பது

லண்டனிலும் ரொறன்ரோவிலும் சொந்தக்காரர் இல்லாத வீடு நம் ஊரில் குறைவு. பிரித்தானிய மெஷின் மின்சாரத்துக்கும் ரீவிக்கும் ஒத்துப்போவதால் லண்டன் மச்சானிடம் சொல்வது புத்தி. ரொறன்ரோவிலிருந்து வருவது 120 வோல்ட் என்பதை மறக்காதீர்கள். விற்பவரிடம் இரட்டைப் பெட்டி கேளுங்கள்: கேம் பெட்டியைச் சுற்றி நாலு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி விட்டு இன்னொரு மட்டைப்பெட்டி. கேம் பெட்டியில் நேரடியாக டேப்போ விலாசச் சீட்டோ ஒட்டக்கூடாது என்று எழுத்திலேயே சொல்லுங்கள். மெஷினைத் தனியாகவும் பெட்டியைத் தனியாகவும் அனுப்புவது இன்னும் பாதுகாப்பு. கனமான மெஷின் உள்ளே ஆடித்தான் மூலைகள் கிழிகின்றன.

கொப்பி

ஒரு கொப்பி போடுங்கள். எப்போது, எந்த ஊரில், என்ன விலைக்கு, மாதிரி இலக்கம், தொடரிலக்கம், பெட்டிக்குள் என்னென்ன இருந்தது, எந்த வீட்டில் எதற்குப் பெட்டியாக இருந்தது. கொடுத்தவரின் பெயரைக் கேட்டு எழுதுங்கள், அவர் சொன்ன கதையையும் இரண்டு வரியில். எந்த அடப்டர் எந்த மெஷினுக்கு என்பதையும் இதிலேயே எழுதி, அதே இலக்கத்தை அடப்டரில் நூலால் கட்டிய துண்டில் போடுங்கள். பென்சிலால் எழுதுவது நல்லது, மாரி ஈரத்தில் பேனை மை ஊறும். இலக்கம் போட்ட ஸ்டிக்கரை மட்டும் பெட்டியில் ஒட்டிவிடாதீர்கள்.